ஒரு மைக்ரோலிட்டருக்கு மேல்: கடல்நீர்ச் சாற்றை ஜி.சி. என்னும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் அதிக அளவில் செலுத்துவது பற்றி

வடகடல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரம் கடற்கரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மண்டபத்தில் தொடங்கி ஆற்றங்கரை, தேவிபட்டினம் வழியாகத் தொண்டி வரையிலான வடகடல் (பாக் விரிகுடா) நீரில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களும் (பி.ஏ.எச்.), டி.டி.டி., எண்டோசல்ஃபான் முதலிய குளோரின் பூச்சிக்கொல்லிகளும் எந்த அளவில் இருக்கின்றன என்று அளப்பதே என் பணி. முதல் வகை, விசைப்படகுகளின் டீசல் புகையிலிருந்தும் கசிவிலிருந்தும் வருகிறது. இரண்டாம் வகை, பெரிய கண்மாய் நிரம்பி வைகை நீர் கடலைத் தொடுகிற ஆண்டுகளில் வயல்களைக் கழுவிக்கொண்டு வந்து சேரக்கூடியது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்துவிட்டாலும், சேற்றில் தங்கியது எளிதில் அழிவதில்லை என்பதால் அதையும் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

இப்போது பின்பற்றும் முறை இது. ஒரு லிட்டர் கடல்நீரை டைக்குளோரோமீத்தேனால் மூன்று முறை பிரித்தெடுத்து, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டின் வழியே வடித்து, சுழல் ஆவியாக்கியில் சுருக்கி, ஹெக்சேனுக்கு மாற்றி, கடைசியில் ஒரு மில்லிலிட்டராக நிறுத்துகிறேன். அதிலிருந்து ஒரு மைக்ரோலிட்டரை ஸ்பிளிட்லெஸ் முறையில், அதாவது ஆவியில் ஒரு பகுதியை வெளியே பிரித்துவிடாமல், 250 டிகிரியில் செலுத்துகிறேன். சேர்மங்களைப் பிரிக்கும் நுண்குழாயான கேப்பிலரி 30 மீட்டர் நீளமும் 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்டது. மறுமுனையில் டிடெக்டராக ஒற்றைக் குவாட்ருபோல் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், தேர்ந்த அயனிகளை மட்டும் பார்க்கும் நிலையில் இருக்கிறது.

சிக்கல் கணக்கிலேயே தெரிகிறது. படகில் சுமந்து வந்த ஒரு லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கேப்பிலரிக்குள் போகிறது. லிட்டருக்கு ஒரு நானோகிராம் பென்சோ-ஏ-பைரீன் என்ற பி.ஏ.எச். நீரில் இருந்தால், வழியில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், டிடெக்டரை நோக்கிப் போவது ஒரு பிகோகிராம். அந்த அளவில் பீக்கையும் (சேர்மம் வரும்போது பதிவில் எழும் முகடு) பின்னணி இரைச்சலையும் என்னால் நாணயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாற்றை நைட்ரஜன் ஊதி 100 மைக்ரோலிட்டராகச் சுருக்கிப் பார்த்தேன். கனமான சேர்மங்களுக்கு அது உதவியது. ஆனால் நாஃப்தலீனும் அசினாஃப்தீனும் நைட்ரஜனோடு சேர்ந்து பறந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் பறந்ததுதான் பெரிய வேதனை.

ஆகவே, சுருக்குவதை விட்டுவிட்டு, அதிக அளவில் செலுத்தலாம் என்று நினைத்து, சாறு நுழைந்து ஆவியாகும் அதே ஸ்பிளிட்லெஸ் இன்லெட்டில் ஐந்து மைக்ரோலிட்டர் செலுத்திப் பார்த்தேன். பீக்குகள் ஐந்து மடங்கு உயரவில்லை. சில இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. அதைவிட மோசம், அடுத்து ஓட்டிய வெறும் ஹெக்சேனிலும் கிரைசீனும் பென்சோ-ஏ-பைரீனும் தலைகாட்டின. என் கேள்விகள் இரண்டு. எங்கே தவறு நேர்ந்தது? பத்து முதல் ஐம்பது மைக்ரோலிட்டர் வரை முறையாகச் செலுத்த எந்த வழி எங்கள் ஆய்வகத்துக்குப் பொருந்தும்? பக்கத்து அறையில் வெப்பநிலையை நிரலாக்கும் இன்லெட், அதாவது பி.டி.வி., பொருத்திய பழைய ஜி.சி. ஒன்று சில ஆண்டுகளாகப் பயன்படாமல் இருக்கிறது. அதை உயிர்ப்பிப்பது உழைப்புக்குத் தகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கருவிப் பராமரிப்பாளர்:

சகோதரிக்கு வணக்கம். நேர்ந்த தவறு வேதியியல் சார்ந்ததன்று, கொள்ளளவு சார்ந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ஹெக்சேன், 250 டிகிரியில், 10 பி.எஸ்.ஐ. முகப்பு அழுத்தத்தில் ஆவியாகும்போது ஏறத்தாழ 195 மைக்ரோலிட்டர் ஆவியாக விரிகிறது. இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனர், வழக்கமான நான்கு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ளது என்றால், அதன் கொள்ளளவு 900 மைக்ரோலிட்டரை ஒட்டியது. அதிலும் ஓடிக்கொண்டிருக்கும் வாயு ஏற்கெனவே இருக்கிறது. தாங்கள் செலுத்திய ஐந்து மைக்ரோலிட்டரின் ஆவி 975 மைக்ரோலிட்டர். படிக்குள் கொள்ளாத நெல் வெளியே சரிவதைப் போல, மிஞ்சிய ஆவி மேல்நோக்கிப் பொங்கி, ஊசி துளைக்கும் ரப்பர் மூடியான செப்டத்தைக் கழுவும் குழாய்க்குள்ளும், சேர்மங்களைச் சுமந்து செல்லும் கேரியர் வாயு வரும் குழாய்க்குள்ளும் நுழைந்துவிட்டது. அந்தக் குழாய்கள் குளிர்ந்தவை. ஹெக்சேன் அங்கிருந்து மெல்ல வெளியேறிவிடும். கிரைசீன் போன்ற கனமானவை சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓட்டத்தில் திரும்பி வரும். தாங்கள் வெறும் ஹெக்சேனில் பார்த்தது அதைத்தான். முதல் வேலையாக அந்தக் குழாய்களைக் கழற்றிக் கரைப்பானால் கழுவுங்கள். செப்டத்தையும் லைனரையும் அடியிலுள்ள தங்கப் பூச்சு முத்திரைத் தகட்டையும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த முறையை முயன்றால், பழைய கறையைப் புதிய முறையின் குறையாக எண்ணிவிட நேரும்.

கரைப்பானைப் பொறுத்து இந்தக் கணக்கு பெரிதும் மாறும். அதே நிலையில் ஒரு மைக்ரோலிட்டர் டைக்குளோரோமீத்தேன் 400 மைக்ரோலிட்டராகவும், தண்ணீர் 1400 மைக்ரோலிட்டருக்கு மேலும் விரியும். எனவே ஹெக்சேனுக்கு மாற்றியது நல்ல முடிவு.

இப்போதுள்ள ஸ்பிளிட்லெஸ் இன்லெட்டை வைத்தே பத்து மைக்ரோலிட்டர் வரை போக ஒரு வழி உண்டு. ஸ்விட்சர்லாந்தின் கொன்ராட் குரோப் விரித்துரைத்த, கரைப்பானை உடனுக்குடன் மீண்டும் குளிர்விக்கும் ஸ்பிளிட்லெஸ் முறை அது. லைனருக்குள் சிறிது கண்ணாடிப் பஞ்சு வைத்து, குட்டையான ஊசியால் வேகமாகச் செலுத்த வேண்டும். ஊசி நீளமாக இருந்தால் அது சூடேறி, திரவம் ஊசிக்குள்ளேயே ஆவியாகிச் சிதறும்; குட்டையான ஊசியிலிருந்து திரவம் ஒரே தாரையாகப் பாய்ந்து பஞ்சில் நிற்கும். பஞ்சில் நின்ற ஹெக்சேன் அங்கிருந்து ஆவியாகிக் கீழே போகிறது. கேப்பிலரிக்கு முன்னால் இரண்டு முதல் ஐந்து மீட்டர் வரை பூச்சில்லாத முன்குழாயை இணைத்து, அடுப்பை ஹெக்சேனின் கொதிநிலையான 69 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால், வந்த ஆவி முன்குழாயில் மீண்டும் திரவமாகப் படியும். ஆவி திரவமாகச் சுருங்கும் இடத்தில் அழுத்தம் குறைவதால், லைனரிலுள்ள மீதி ஆவியும் அந்தத் திசையில் உறிஞ்சப்படுகிறது. பொங்குவதற்கு வழியில்லாமல் போவது இந்த உறிஞ்சலால்தான்.

முன்குழாயின் நீளத்தைக் குத்துமதிப்பாகத் தீர்மானிக்காதீர்கள். 0.32 மில்லிமீட்டர் முன்குழாயில் ஒரு மைக்ரோலிட்டர் திரவம், சுவரை நன்றாக நனைக்கிறது என்றால், 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவும். பத்து மைக்ரோலிட்டருக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். சற்றுக் கூட்டியே வையுங்கள். குழாய் போதாவிட்டால் திரவம் பூச்சுள்ள கேப்பிலரிக்குள் புகுந்து, பீக்குகள் பிளந்தும் சாய்ந்தும் வரும்.

இந்த முறையில் கரைப்பான் முழுவதும் டிடெக்டர் வழியாகத்தான் வெளியேறும் என்பதை மறக்க வேண்டாம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் இழையை எரிய விடாமல் காக்கும் காத்திருப்பு நேரத்தை அதற்கேற்ப நீட்டிக்க வேண்டும். ஐம்பது மைக்ரோலிட்டருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற வேதியியலாளர்:

மேலே நண்பர் சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆயினும் பக்கத்து அறையில் பி.டி.வி. இருக்கும்போது அதைத் தூசி படிய விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் பணிக்காலத்தில் மிகுந்த பயனைத் தந்த இன்லெட் அதுவே. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதிக அளவு செலுத்துவதற்காக வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றும் இன்லெட்டை ஃபோக்ட் என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1979-இல் விவரித்தார்கள். கருத்து எளிமையானது. லைனரைக் குளிர்ந்த நிலையில் வைத்து, ஆவியை வெளியே விடும் ஸ்பிளிட் வழியைத் திறந்துவிட்டு, சாற்றை மெதுவாகச் செலுத்த வேண்டும். கரைப்பான் திரவநிலையிலிருந்து வாயு ஓட்டத்தில் ஆவியாகி, ஸ்பிளிட் வழியே வெளியேறிவிடும். கொதிநிலை மிகுந்த சேர்மங்கள் லைனரிலேயே தங்கும். பிறகு ஸ்பிளிட் வழியை மூடி, லைனரை வேகமாகச் சூடாக்கினால், அவை கேப்பிலரிக்குள் போகும். கரைப்பானின் பெரும்பகுதி டிடெக்டரைப் பார்ப்பதே இல்லை.

இதன் கடினம் முழுவதும் ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. செலுத்தும் வேகம், கரைப்பான் ஆவியாகும் வேகத்தை மிஞ்சக் கூடாது. 30 டிகிரியில் ஹெக்சேனின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வாயு ஓடினால், அது முழுமையாக ஹெக்சேனால் நிறைவுற்றுப் போகிறது என்று கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 130 மைக்ரோலிட்டர் திரவம் வெளியேறலாம். இது காகிதத்தில் கிடைக்கும் எண். உண்மையில் ஆவியாகும் ஹெக்சேன் தன்னைச் சுற்றியுள்ள கண்ணாடியைக் குளிரச் செய்துவிடுவதால் வேகம் குறையும். ஆகவே பாதியளவாக நிமிடத்துக்கு 60 மைக்ரோலிட்டரில் தொடங்குங்கள். ஐம்பது மைக்ரோலிட்டர் உள்ளே போக 50 விநாடி ஆகும். தங்களிடம் பத்து மைக்ரோலிட்டர் ஊசிதான் இருக்கிறது என்றால், இடையிடையே இடைவெளி விட்டு ஐந்து முறை செலுத்துவதும் அதே பலனைத் தரும்.

செலுத்தி முடித்த பிறகு ஸ்பிளிட் வழியைத் திறந்தே வைத்திருக்கும் நேரத்தை, அதாவது வெளியேற்றும் நேரத்தை, தீர்மானிப்பதே கைத்திறன். நேரம் குறைந்தால், மீந்த ஹெக்சேன் திரவமாகவே கேப்பிலரிக்குள் தள்ளப்பட்டு, முதலில் வரும் பீக்குகள் உருக்குலையும். நேரம் கூடினால், கரைப்பானைத் தொடர்ந்து நாஃப்தலீனும் வெளியேறும். நாஃப்தலீனின் கொதிநிலை 218 டிகிரி. ஹெக்சேனுக்கும் அதற்கும் இடையே 149 டிகிரி வேறுபாடு இருந்தும்கூட, லைனரில் கடைசித் துளி திரவம் காய்ந்த பிறகு அதைப் பிடித்துவைக்க எதுவும் இருப்பதில்லை. திரவம் இருக்கும்வரை அது திரவத்தில் கரைந்து நிற்கிறது. காய்ந்த நொடியிலிருந்து இழப்பு தொடங்குகிறது. எனவே சற்று ஈரம் மிஞ்சும்போதே வழியை மூடுவது என்பதைப் பழக்கமாகக் கொள்ளுங்கள்.

அந்த நொடியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்துவந்த சோதனையைச் சொல்கிறேன். ஒரே எடை, இரண்டு கனஅளவு. மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் உள்ள நிர்ணயக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டரைக் குளிர்ந்த ஸ்பிளிட்லெஸ் முறையில் செலுத்துங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் உள்ள கரைசலில் ஐம்பது மைக்ரோலிட்டரைக் கரைப்பான் வெளியேற்றும் முறையில் செலுத்துங்கள். இரண்டிலும் 50 பிகோகிராம்தான் போகிறது. பீக்கின் பரப்பு இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். வெளியேற்றும் நேரத்தை ஐந்தைந்து விநாடியாக மாற்றி, நாஃப்தலீன், ஃபினான்த்ரீன், பென்சோ-ஏ-பைரீன் மூன்றின் பரப்பையும் வரைபடமாக இடுங்கள். கனமான இரண்டும் நேர்கோடாக ஓடும். நாஃப்தலீன் ஓரிடத்தில் சரியத் தொடங்கும். அந்தச் சரிவுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தங்கள் நேரம். இதை அறை வெப்பநிலை மாறும் ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி செய்ய வேண்டும்.

அறை வெப்பநிலை என்று சொன்னேன். நம் கரையில் அதுதான் மெய்யான இடைஞ்சல். கோடையில் குளிர்சாதனம் நின்றுவிட்ட பிற்பகலில் அறையே 33 டிகிரியில் இருக்கும். திரவ நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ இல்லாத பி.டி.வி., வெறும் காற்றால் 30 டிகிரிக்கு இறங்கவே இறங்காது. கருவி 'தயார்' என்று காட்டாமல் மணிக்கணக்கில் நிற்கும். நான் இதற்குச் செய்தது, கடைசிக் கரைப்பானை ஐசோ ஆக்டேனாக மாற்றியது. அதன் கொதிநிலை 99 டிகிரி என்பதால், தொடக்க வெப்பநிலையை 50 டிகிரியில் வைக்க முடிந்தது. எந்தப் பருவத்திலும் கருவி அந்த நிலைக்கு எளிதாக இறங்கியது. இதற்கு விலை உண்டு: கரைப்பானுக்கும் நாஃப்தலீனுக்கும் இடையிலான தூரம் குறைவதால், அதன் இழப்பு சற்றுக் கூடும். கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் ஏற்றிய நாஃப்தலீனை நீர் மாதிரியிலேயே தொடக்கத்தில் சேர்த்துவிட்டால், இரண்டும் ஒரே விகிதத்தில் இழப்பதால் கணக்கு சரியாகவே வரும். பீக் அளக்கத்தக்க உயரத்தில் இருக்கும்வரை இது செல்லும்.

தெற்கேயிருந்து ஒருவர்:

இரண்டு மறுமொழிகளையும் படித்தேன். குளோரின் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி யாரும் எச்சரிக்காததால் எழுதுகிறேன். டி.டி.டி. சூடான, செயல்திறன் மிகுந்த பரப்பைத் தொட்டால் டி.டி.இ.யாகவும் டி.டி.டி.யின் மற்றொரு சிதைவுப் பொருளான டி.டி.டி.-க்கு ஒரு குளோரின் குறைந்த சேர்மமாகவும் உடையும். எண்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஆல்டிஹைடாகவும் கீட்டோனாகவும் மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 8081 முறை இந்தச் சிதைவு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கடலில் டி.டி.இ. மிகுந்திருந்தால் பழைய தெளிப்பு, டி.டி.டி. மிகுந்திருந்தால் புதிய தெளிப்பு என்று நாம் முடிவு சொல்கிறோம் அல்லவா? லைனரிலுள்ள கண்ணாடிப் பஞ்சே அந்த விகிதத்தை மாற்றிவிட்டால், கடலைப் பற்றி எழுதுவதாக நினைத்துப் பஞ்சைப் பற்றி எழுதியவர்களாகிவிடுவோம். பி.டி.வி. குளிர்ந்த நிலையில் தொடங்குவதால் வெப்பச் சிதைவு குறையும் என்பது உண்மை. ஆனால் அடைத்த பொருளின் பரப்பு அந்த நன்மையைத் தின்றுவிடக்கூடும். நன்கு செயலிழக்கச் செய்த பஞ்சையே பயன்படுத்துங்கள்; அல்லது பஞ்சே இல்லாத, உட்சுவரில் மடிப்புகள் கொண்ட லைனரைத் தேர்ந்தெடுங்கள். டி.டி.டி.யும் எண்ட்ரினும் மட்டுமுள்ள கரைசலை ஒவ்வொரு நாளும் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

சிதைவே வேண்டாம் என்றால் ஆன்-காலம் முறைதான் தலைசிறந்தது. சாறு நேரடியாகக் குளிர்ந்த முன்குழாய்க்குள் போகிறது, 0.53 மில்லிமீட்டர் முன்குழாயும் கரைப்பான் ஆவியை வெளியேற்றும் வால்வும் இருந்தால் நூறு மைக்ரோலிட்டர்கூடச் செலுத்தலாம். ஆனால் ஆவியாகாத அழுக்கும் அதே குழாயில்தான் படியும். வடகடலின் கலங்கல் நீரிலிருந்து வரும் சாற்றுக்கு இதை நான் சொல்லத் துணிய மாட்டேன். சிலிக்கா வழியே நன்றாகத் தூய்மை செய்த சாறு என்றால் மட்டுமே சரிப்படும்.

வடகடல் மாணவி:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாகச் செய்தவற்றை எழுதுகிறேன்.

குழாய்களைக் கழற்றிக் கழுவியதும், வெறும் ஹெக்சேனில் தலைகாட்டிய அந்தப் பீக்குகள் அறவே மறைந்தன. அதன் பிறகு முன்குழாய் இணைத்து, அடுப்பை 45 டிகிரியில் தொடங்கி, பத்து மைக்ரோலிட்டர் ஸ்பிளிட்லெஸ் செய்தேன். ஃபினான்த்ரீன் முதல் பென்சோ-ஏ-பைரீன் வரை எல்லாம் எதிர்பார்த்தபடி ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தன.

பழைய பி.டி.வி.யையும் இயக்கிவிட்டோம். உப்புக்காற்றில் அதன் குளிரூட்டும் விசிறி துருப்பிடித்திருந்தது. அதை மாற்றிய பிறகு ஓடுகிறது. ஐயா சொன்ன ஒரே எடைச் சோதனையை ஐசோ ஆக்டேனில் செய்தேன். கனமானவை கோடு போட்டது போல நின்றன. நாஃப்தலீன் மட்டும் 40 விநாடிக்குப் பிறகு சரியத் தொடங்கி, 60 விநாடியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே 35 விநாடியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் உண்மையான கடல்நீர்ச் சாற்றை ஐம்பது மைக்ரோலிட்டர் செலுத்தியபோது வேறொன்று தெரிந்தது. கடல்நீர் இல்லாமல் அதே முறையில் செய்த வெற்று மாதிரியின் கோடும் ஐம்பது மடங்கு உயர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் தாலேட்டுகள் பெரிய மலைகளாக நிற்கின்றன. நாஃப்தலீனும் வெற்று மாதிரியில் இருக்கிறது. பன்னிரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு லைனரை எடுத்துப் பார்த்தேன். நடு மடிப்பில் வெல்லப்பாகு போல ஒரு பழுப்பு வளையம் படிந்திருந்தது. அதன் மேல் வெண்மையான பொடி, தொட்டால் உதிர்கிறது. அது உப்பு என்றே நினைக்கிறேன். சோடியம் சல்ஃபேட் வழியே வடித்த பிறகும் உப்பு எப்படி வந்தது என்று விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற வேதியியலாளர்:

வெண்பொடி பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட்டின் நுண்துகளாக இருக்கும். இல்லாவிட்டால் பிரிபுனலில் உண்டான பால்போன்ற கலவையோடு தப்பி வந்த கடல்நீர்த் துளிகளின் உப்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கலவை உடையும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டுக் குழாயைத் திறக்காதீர்கள். சல்ஃபேட்டை 400 டிகிரியில் சில மணி நேரம் வறுத்து, ஆறிய பிறகு கரைப்பானால் கழுவி, முதல் வடிநீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். வறுப்பது தாலேட்டையும் எரித்துவிடும். கண்ணாடிக் கலன்களுக்கும் இதே வறுவல் பொருந்தும். அளவுக்குடுவைகளை மட்டும் சூளையில் வைக்காதீர்கள்.

வெற்று மாதிரி உயர்ந்ததில் வியப்பில்லை. ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தியபோது மறைந்திருந்த கரைப்பான் மாசு, ஐம்பதில் வெளிப்படுகிறது. பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வுக்கான தரமுள்ள கரைப்பானை வாங்குங்கள். குப்பி மூடியின் செப்டத்தை ஒருமுறை துளைத்த பிறகு மறுபடி பயன்படுத்தாதீர்கள்; ஐந்து முறை இழுத்துச் செலுத்தும்போது ஐந்து துளைகள் விழுகின்றன, ஒவ்வொரு துளையும் சிறிது ரப்பரைச் சாற்றில் கரைக்கிறது. இதற்காகவே பெரிய ஊசி ஒன்று வாங்குவது நல்லது.

இப்போது நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கிடைத்த ஐம்பது மடங்கையும் டிடெக்டரில் செலவழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? படகில் செலவழியுங்கள். ஒரு லிட்டர் நீரை ஒரு மில்லிலிட்டராக்கி ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தியபோது, ஒரு மில்லிலிட்டர் கடல்நீருக்கு ஈடானது கேப்பிலரிக்குள் போனது. நூறு மில்லிலிட்டர் நீரை மட்டும் எடுத்து, அதையும் ஒரு மில்லிலிட்டர் சாறாக்கி, ஐம்பது மைக்ரோலிட்டர் செலுத்தினால், ஐந்து மில்லிலிட்டருக்கு ஈடானது போகும். பத்தில் ஒரு பங்கு நீரைச் சுமந்து, ஐந்து மடங்கு கூடுதலாக அளக்கிறீர்கள். கரைப்பானும் பத்தில் ஒன்றாகக் குறையும் என்பதால், வெற்று மாதிரியும் அதனுடன் இறங்கும். நைட்ரஜன் ஊதல் தேவையில்லை. சுழல் ஆவியாக்கியில் நிற்கும் நேரமும் சுருங்கிவிடும். பிரிபுனலே வேண்டாம்; பழுப்பு நிறப் புட்டிக்குள்ளேயே கரைப்பானை ஊற்றிக் குலுக்கலாம். புட்டியின் சுவரில் ஒட்டிய கனமான சேர்மங்களும் அப்போது சாற்றோடு வந்துவிடும். பிரிபுனலுக்கு மாற்றும்போது இழப்பது அவற்றைத்தான்.

தெற்கேயிருந்து ஒருவர்:

ஐயா சொன்னது எனக்கும் புதிய பார்வை. நூறு மில்லிலிட்டர் புட்டி என்றால், நீர் எடுக்கும் இடத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். சிறிய மாதிரியில் ஒரு துளி டீசல் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். வத்தைப் படகின் இயந்திரத்தை அணைத்து, அது நகர்வது நிற்கும்வரை காத்திருந்து, காற்று வருகிற பக்கம் கை நீட்டி, மூடியை நீருக்கு அடியில் வைத்தே திறந்து மூடுங்கள். மேற்பரப்பின் எண்ணெய்ப் படலம் புட்டிக்குள் வந்துவிடக் கூடாது. வாடைக் காலத்தில் வடகடல் கலங்கிக் கிடக்கும்போது, கரைந்ததையும் துகளில் ஒட்டியதையும் வடிகட்டிப் பிரிப்பதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி மாதிரியை வடித்தும் பாதியை வடிக்காமலும் வைத்தால் பின்னால் ஒப்பிட முடியாது.

ஒரு திருத்தம்: என் முந்தைய மறுமொழியில் சிதைவுப் பொருளின் பெயரை எழுதும்போது குழப்பிவிட்டேன். டி.டி.டி. என்று தமிழில் எழுதினால் பூச்சிக்கொல்லிக்கும் அதன் சிதைவுப் பொருளுக்கும் ஒரே எழுத்துகள் அமைந்துவிடுகின்றன. அட்டவணையில் பின்னதை 'டைக்குளோரோ டைஃபினைல் டைக்குளோரோ ஈத்தேன்' என்று முழுமையாகவே எழுதுங்கள்.

வடகடல் மாணவி:

நூறு மில்லிலிட்டர் முறையை இந்த வாரமே ஓட்டிப் பார்க்கிறேன். வழிகாட்டியிடம் கேட்டேன், ஒரு லிட்டர் முறையையும் ஒரு பருவம் முழுக்க இணையாகச் செய்து ஒப்பிட்ட பிறகுதான் கைவிட வேண்டும் என்றார். அது நியாயமே என்று படுகிறது. டி.டி.டி.க்கும் எண்ட்ரினுக்குமான சிதைவுச் சோதனையைப் பஞ்சு வைத்த லைனரிலும் மடிப்பு லைனரிலும் செய்தேன். பஞ்சு வைத்ததில் எண்ட்ரின் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எனவே பூச்சிக்கொல்லிகளுக்கு மடிப்பு லைனர், பி.டி.வி.; பி.ஏ.எச். மட்டும் வேண்டிய நாள்களில் பத்து மைக்ரோலிட்டர் ஸ்பிளிட்லெஸ் என்று பிரித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு ஐயம். பி.டி.வி. ஓடும்போது அறையில் பெட்ரோல் வாடை போல ஒன்று வருகிறது. இது இயல்பா?

கருவிப் பராமரிப்பாளர்:

இயல்பன்று, அதை அப்படியே விடாதீர்கள். வெளியேற்றும் ஐம்பது மைக்ரோலிட்டர் கரைப்பானும் ஸ்பிளிட் வழியின் கரித்தூள் வடிகட்டியில்தான் போய்ச் சேர்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்காக வடிவமைத்த வடிகட்டி அது. நாளுக்கு இருபது ஓட்டம் என்றால் ஒரு மில்லிலிட்டர் ஐசோ ஆக்டேன் அதற்குள் நிறைகிறது. நிறைவுற்ற பிறகு ஆவி அறைக்குள் வரும். அதோடு நிறைந்த கரி, வாயு ஓட்டத்தையும் தடுக்கும். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் என்று திரையில் காட்டினாலும் ஓடுவது குறைவாக இருக்கலாம், அப்போது தாங்கள் அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த 35 விநாடி போதாமல் போகும். வடிகட்டியை உடனே மாற்றுங்கள். வெளியேறும் முனையில் ஒரு குழாயைச் சொருகிப் புகைப்போக்கி அலமாரிக்குள் கொண்டு சேர்த்துவிடுங்கள். குழாய் எங்கும் தொங்கித் தாழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாழ்ந்த இடத்தில் கரைப்பான் திரவமாகத் தேங்கி வழியை அடைத்துவிடும். மாற்றிய பிறகு ஓட்டத்தை முனையில் மீட்டர் வைத்து அளந்து, ஒரே எடைச் சோதனையை ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.